சீரிஸ் பல்பு கொடுத்த ஐயாவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை இரவு, வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டு மாடி அறையில், உலோகத்தைக் குடைந்து வெட்டும் என் சின்ன மில்லிங் மிஷின் ஒரு அலுமினியத் தகட்டில் 60 மி.மீ. வட்டம் ஒன்றை வெட்டி முடித்தது. மூன்று மோட்டார்களையும் ஓட்டியவை நானே சால்டர் வைத்த சர்வோ டிரைவ்கள், அதாவது மோட்டார் சொன்ன இடத்தில் போய் நிற்கும்படி அதற்குக் கரண்ட் கொடுக்கும் போர்டுகள். ஒன்றரை வருட வேலை. வட்டம் முடிந்ததும் முதலில் தோன்றியது உங்கள் முகங்கள்தான். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் பலர் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயரில்லாமலே எழுதுகிறேன். படித்தால் அவரவருக்குத் தெரியும்.

முதலில் டிவி ரிப்பேர் கடை ஐயா, உங்களுக்கு. நான் கடைக்கு வந்த அன்று சட்டைப்பையில் 11 மாஸ்பெட்டுகள் (மோட்டாருக்குப் போகும் கரண்டைத் திறந்துவிட்டு மூடும் சின்ன எலக்ட்ரானிக் சுவிட்சுகள்) இருந்தன, எல்லாம் செத்தவை. டிரைவுக்குக் கரண்ட் கொடுத்த நொடியில் டப்பென்று சத்தம், அப்புறம் அந்தக் கருகல் வாசனை. ஏன் என்று புரியவே இல்லை. நீங்கள் எதுவும் கேட்காமல் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பல்பு ஹோல்டரை எடுத்தீர்கள். 100 வாட்ஸ் குண்டு பல்பு. "இதை சீரிஸ்ல, கரண்ட் போற வழியிலேயே, போட்டுக் குடு தம்பி. உள்ளே ஷார்ட் இருந்தா பல்பு எரியும், மாஸ்பெட் பிழைச்சுக்கும்" என்றீர்கள்.

வீட்டுக்குப் போய் அதை டிரான்ஸ்ஃபார்மருக்கு முன்னால் போட்டேன். பன்னிரண்டாவதும் போனது. மறுநாள் வந்து சொன்னபோது நீங்கள் கோபப்படவில்லை. "கபாசிட்டர்ல ஏற்கெனவே தேங்கினது பல்பு வழியா வராதே" என்று சொல்லி, கையிலிருந்த பழைய பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினீர்கள். என் கபாசிட்டர் 10,000 மைக்ரோஃபாரட், அதில் 65 வோல்ட். கணக்குப் போட்டால் 21 ஜூல் வருகிறது. ஒரு மாஸ்பெட்டைக் கொல்ல அதுவே தாராளம். பல்பைக் கபாசிட்டருக்கு அப்புறம், டிரைவுக்கு முன்னால் மாற்றிப் போட்டேன். அன்று பல்பு மங்கலாக எரிந்தது, எதுவும் வெடிக்கவில்லை. தவறு இருக்கிறது என்று ஒரு டிரைவ் என்னிடம் சொல்ல முடிந்தது அன்றுதான் முதல்முறை. ஐயா, அந்த மங்கலான வெளிச்சத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது.

தவறு எங்கே என்று காட்டியவள் எதிர் வீட்டு எலக்ட்ரானிக்ஸ் மாணவி. தங்கச்சி, பரீட்சை நேரத்தில் இரண்டு மாலைகள் உன் ஆசிலோஸ்கோப்போடு வந்து உட்கார்ந்தாய். மேல் மாஸ்பெட் முழுதாக அணைவதற்குள் கீழ் மாஸ்பெட் திறந்துகொள்கிறது என்று திரையில் காட்டினாய். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தத் துளி நேரத்தில் 65 வோல்ட்டுக்கும் தரைக்கும் நடுவே தடையே இல்லை. மாஸ்பெட்டுகளைத் திறந்து மூட நான் போட்ட ஐ.ஆர். 2110 கேட் டிரைவர் சிப் தானாக இடைவெளி விடாது, புரோகிராமில் நாம்தான் விட வேண்டும். மாஸ்பெட்டுகள் திறந்து மூடும் 20 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 50 மைக்ரோ செகண்ட். அதில் 1 மைக்ரோ செகண்ட் சும்மா இருக்கவிட்டோம். பல்பு அணைந்தது. மேல் மாஸ்பெட்டைத் திறக்க வலு தரும் பூட்ஸ்ட்ராப் கபாசிட்டர் நிரம்புவதற்கு நேரம் வேண்டும், அதனால் ஒரு சுற்றில் 95 சதவீத நேரத்துக்கு மேல் அதைத் திறந்து வைக்காதே என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனாயே, அந்தச் சீட்டு இன்னும் சுவரில் இருக்கிறது.

மோட்டார்கள் ராணிப்பேட்டையில் பழைய இரும்புக் கடையில் எடை போட்டு வாங்கியவை. கார்பன் பிரஷ் தேய்ந்து, உள்ளே ஒரே கரி. அவற்றைப் பிரித்துத் துடைத்து, பேரிங் மாற்றிக் கொடுத்த ரீவைண்டிங் கடை பாய்க்கு என் நன்றி. கூலி வாங்கிக்கொள்ளுங்கள் என்றபோது டீ மட்டும் வாங்கித்தரச் சொன்னீர்கள். பாய், இன்னொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மிஷினின் டேபிள் காரணமில்லாமல் நகர்ந்துபோன வாரத்தில், நீங்கள்தான் வயரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, மோட்டார் வயரும், மோட்டார் எவ்வளவு சுற்றியது என்று எண்ணிச் சொல்லும் என்கோடரின் வயரும் ஒரே குழாயில் போகிறதே என்று கேட்டீர்கள். பிரித்துப் போட்டு, வயரைச் சுற்றியுள்ள உலோக உறையான ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். நகர்வது நின்றது. என்கோடர் ஒரு சுற்றுக்கு 2,000 துடிப்பு தருகிறது, ஸ்க்ரூ ஒரு சுற்றில் டேபிளை 5 மி.மீ. நகர்த்துகிறது. அதாவது ஒரு துடிப்புக்கு 0.0025 மி.மீ. அவ்வளவு நுணுக்கமான கணக்கில் பக்கத்து மோட்டார் வயரிலிருந்து நான்கு பொய்த் துடிப்பு நுழைந்தாலே 0.01 மி.மீ. போய்விடும்.

பெல் நிறுவனத்திலிருந்து ஓய்வு பெற்ற சாருக்கு. மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டுச் சட்டென்று எதிர்ப்பக்கம் திருப்பினேன், மீட்டர் 65-லிருந்து 82-க்கு ஏறியது. போனில் சொன்னதும் உடனே நிறுத்தச் சொன்னீர்கள். வேகம் குறையும்போது மோட்டாரே ஜெனரேட்டர் ஆகிவிடும், வந்த கரண்ட் ஒருவழிப் பாதையான டையோடு தாண்டித் திரும்பிப் போக முடியாமல் கபாசிட்டரில் ஏறும் என்று விளக்கினீர்கள். இப்போது 75 வோல்ட் தாண்டினால் ஒரு பெரிய ரெசிஸ்டர் சேர்ந்துகொண்டு அதைச் சூடாக்கித் தீர்த்துவிடுகிறது. நீங்கள் அன்று போனை எடுக்காமல் இருந்திருந்தால் கபாசிட்டர் என் முகத்துக்கு நேரே வெடித்திருக்கும்.

ஏலகிரி எக்ஸ்பிரஸில் தினமும் விடிகாலையில் காட்பாடியிலிருந்து சென்னைக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணா, வேலை முடிந்த களைப்போடு எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எத்தனை முறை நடந்தீர்கள்! நான் கேட்ட 200 வோல்ட் மாஸ்பெட்டுக்குப் பதில் வேறொன்றைத் தலையில் கட்டப் பார்த்த கடையில், எண்ணைப் படித்துப் பார்த்து வேண்டாம் என்றீர்கள். நன்றி அண்ணா.

லேத் பட்டறை அண்ணனைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஸ்லைடு, கப்ளிங், மோட்டார் பிளேட் எல்லாம் அவர் கை. மோட்டார் எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்க வேண்டும் என்று டிரைவை ட்யூன் செய்த அன்று நான் கம்ப்யூட்டரில் கிராஃப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் டேபிளில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "நடுங்குது, கொஞ்சம் குறை" என்பார். குறைத்தால், "இப்ப மந்தம்" என்பார். நள்ளிரவு தாண்டியும் போகவில்லை. அவர் சரி என்று சொன்ன எண்ணைத்தான் அப்படியே வைத்திருக்கிறேன். வட்டத்தை டயல் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, திசை மாறும் நான்கு இடங்களிலும் லேசாகத் தட்டையாக இருக்கிறது, ஸ்க்ரூவின் நட்டில் பேக்லாஷ், அதாவது ஆட்டம், இருக்கிறது என்று சொன்னதும் அவரே. அடுத்த மாதம் அதைச் சரி செய்வோம் அண்ணா.

மே மாத வெயிலில் மாடி அறைக்கு மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன அம்மாவுக்கும், சேமிப்பை மாஸ்பெட்டாக எரித்தபோதும் ஒரு வார்த்தை கடிந்து சொல்லாத என் மனைவிக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஐயா, உங்கள் பல்பு ஹோல்டரைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது வாங்க மறுத்துவிட்டீர்கள். அது என் மேஜையில் பத்திரமாக இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை நாலாவது டிரைவுக்கு முதன்முதலாகக் கரண்ட் கொடுக்கப் போகிறேன், அதே பல்பு வழியாக. காலை 10 மணிக்கு வந்துவிடுங்கள். சுவிட்சை நீங்கள்தான் போட வேண்டும்.