வீராசாமி டாக்டரிலிருந்து ஆரம்பி

ரங்கூன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உலக இலக்கியம் படிக்க எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டாயே, அதற்கு ஃபோனில் பதில் சொல்லி முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் சிநேகிதி அனுப்பிய நூறு நாவல் பட்டியலை இப்போதைக்கு ஒதுக்கி வை. ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் போனால் மூன்றாவது புத்தகத்திலேயே அலுத்துவிடும். நீ பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி வேற்று ஊர்க்காரர் எழுதியதை முதலில் படி. எழுதியவர் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கவில்லை என்று உனக்கே தெரியும்.

ஜார்ஜ் ஆர்வெல் 1922 முதல் 1927 வரை இங்கே பர்மாவில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். 1934-இல் வெளிவந்த அவருடைய 'பர்மீஸ் டேஸ்' நாவலில் ஊருக்குக் கற்பனைப் பெயர்தான். ஆனால் அவர் வேலை பார்த்த வடபர்மா ஊரான கத்தாவை மனதில் வைத்து எழுதியது. அதில் டாக்டர் வீராசாமி என்று ஒருவர் வருகிறார். பெயரைக் கேட்டாலே தெற்கத்தி ஆள் என்று தெரிந்துவிடும். வேடிக்கையைப் பார், கதாநாயகனான வெள்ளைக்காரன் ஃப்ளோரி ஆங்கில ஆட்சியைத் திட்டித் தீர்க்கிறான், வீராசாமி விடாமல் அதற்கு வக்காலத்து வாங்குகிறார்! வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் எதிரியின் சூழ்ச்சியிலிருந்து தப்பிக்கலாம் என்பது அவர் கணக்கு. கடைசியில் ஃப்ளோரி தன்னையே சுட்டுக்கொள்கிறான். டாக்டர் பதவி குறைக்கப்பட்டு மண்டலேவுக்கு மாற்றலாகிப் போகிறார். முடிவைச் சொல்லிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ளாதே, நீ எப்படியும் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பாய்.

ஆர்வெல் அந்த ஆட்சியை வெறுத்தவர்தான். இருந்தும் அந்த நாவலில் ஒரு பர்மியர்கூட முழு மனிதராக எழுந்து நிற்கவில்லை என்பது என் எண்ணம். ஒருவன் சூழ்ச்சிக்காரன், ஒருத்தி விலைக்கு வாங்கப்பட்டவள், மற்றவர்கள் வேலைக்காரர்கள். கிளப் வராந்தாவில் உட்கார்ந்தவருக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது.

ஆகவே அதை மூடிய கையோடு பர்மிய எழுத்தாளர் ஜர்னல் ஜோ மா மா லேயை எடு. 1955-இல் வந்த நாவல், 'மொன் யுவே மஹு'. உன் வாசிப்புக் கூட்டத்துக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கிறது, ஆனால் நீ பர்மிய மொழியிலேயே படி. வே வே என்ற பெண், ஆங்கிலேய அரிசிக் கம்பெனிக்கு ஏஜென்டாக இருக்கும் பர்மியனைக் கட்டிக்கொள்கிறாள். அவனுக்குச் சாப்பாடு, உடை, வீடு எல்லாமே துரை பாணி. அவள்மேல் பிரியமாகத்தான் இருக்கிறான். அந்தப் பிரியத்தாலேயே அவள் என்ன சாப்பிடுவது, யாரைப் பார்ப்பது என்பதையெல்லாம் அவனே முடிவு செய்கிறான். அவள் காசநோயில் போய்ச் சேர்கிறாள். ஆர்வெல் கிளப்பில் வைத்துக் காட்டிய ஆட்சியை இந்த அம்மாள் சாப்பாட்டு மேசையில் வைத்துக் காட்டிவிடுகிறார். எனக்கு இதுதான் பெரிய நாவல்.

நேரமிருந்தால் சரத்சந்திரரையும் படி. 1903 முதல் 1916 வரை இங்கே குமாஸ்தாவாக இருந்த வங்காளி. ரங்கூன் வருகிற அவருடைய நாவல் 'பதேர் தாபி' 1926-இல் வந்தது. ஆங்கில அரசு அதைத் தடை செய்தது. நம் ஆட்களில் வெ. சாமிநாத சர்மா. இதே ரங்கூனில் 'ஜோதி' பத்திரிகை நடத்தினார், 1942-இல் ஜப்பான்காரன் வந்தபோது நடந்தே இந்தியாவுக்குப் போனார், அந்த நடையைப் புத்தகமாகவும் எழுதினார். பிளாட்டோவையும் ரூசோவையும் தமிழில் தந்தவரும் அவர்தான். உலக இலக்கியம் நமக்குப் புதுப்பழக்கம் என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்.

இந்தப் பழக்கம் வந்துவிட்டால் தெரியாத நாட்டுக்கும் தைரியமாகப் போகலாம். நைஜீரியாவின் சினுவா அச்சிபி 1958-இல் எழுதியது தமிழில் 'சிதைவுகள்' என்று வந்திருக்கிறது. நாவல் முழுக்க கதாநாயகன் ஒக்கொங்வோவோடு இருந்துவிட்டு வருகிறோம். கடைசியில் வெள்ளைக்கார அதிகாரி தான் எழுதப்போகும் புத்தகத்தில் அவனுக்கு ஒரு பத்தி ஒதுக்கலாம் என்று நினைக்கிறான். எனக்குச் சுருக்கென்றது. நம்மையும் எத்தனை பேர் ஒரு பத்தியில் முடித்திருக்கிறார்கள்!

ருசியப் பெயர்களுக்குப் பயப்படாதே. நாம் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போடுகிறோம், அவர்கள் அப்பா பெயரை நடுவில் முழுதாகவே வைக்கிறார்கள், அவ்வளவுதான். பர்மியர் மாதிரி குடும்பப் பெயரே இல்லாமல் இருந்தால் இன்னும் சுலபம். அப்புறம், முன்னுரையைக் கடைசியில் படி. முன்னுரை எழுதுபவர்கள் உன்னைவிட மோசம், முதல் பக்கத்திலேயே முடிவைச் சொல்லிவிடுவார்கள்.

பன்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் மா மா லேயின் பழைய பிரதி கிடைத்தால் வாங்கி, வருகிறவர் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன். உன் அறையில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண்ணிடம் இரண்டு புத்தகம் கேட்டு வை: அவள் ஊரைப் பற்றி அவள் ஊர்க்காரர் எழுதியதில் அவளுக்குப் பிடித்தது ஒன்று, வெளியார் எழுதியதில் அவளுக்குக் கோபம் வந்தது ஒன்று. இரண்டின் பெயரையும் எனக்கு எழுது, நானும் தேடிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அப்பா