வண்டி என்றைக்கு வரும்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நடமாடும் நூலகங்கள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மன்னார்குடி மாட்டு வண்டி நூலகத்தை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்தப் பக்கத்துக்காரி என்பதால் மனசு கேட்கவில்லை. 1931 அக்டோபரில் மேலவாசலிலிருந்து கிளம்பிய வண்டி அது. ஓய்வுபெற்ற இன்ஜினீயர் கனகசபைப் பிள்ளையின் முயற்சி, சீர்காழிக்காரரான நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் துணை நின்றார். (பரோடா சமஸ்தானத்தில் அதற்கு முன்பே பெட்டி பெட்டியாகப் புத்தகங்களைக் கிராமங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதையும் சொல்லியிருக்கலாம்.) நூலகத்துக்கான ஐந்து விதிகளை ரங்கநாதன் புத்தகமாகப் போட்டதும் அதே 1931-இல்தான். அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது.

எங்கள் ஊர் மாட்டிக்கொண்டது அந்த நாலாவது விதியில்தான்.

சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் ஊருக்கும் ஒரு நூலக வண்டி வந்தது. பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் காலை பதினொரு மணிக்கு நிற்கும். அந்த நேரத்தில் ஊரில் யார் இருப்பார்கள்? நடவு, களை, நூறு நாள் வேலை என்று பெண்கள் எல்லாம் வெளியே. பிள்ளைகள் வகுப்பில். பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நூலகர் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார். பாதி அலமாரி போட்டித் தேர்வு வழிகாட்டி.

என் மாமியார் எழுபது வயதிலும் கண்ணாடி போட்டுக்கொண்டு ராத்திரி ஒரு மணி வரை படிப்பவர். ஒரு தொடர்கதையின் இரண்டாம் பாகம்தான் வண்டியில் இருந்தது. சரி, முதல் பாகத்தை அடுத்த தடவை கொண்டு வருகிறேன் என்றார் நூலகர். இரண்டு வாரத்தில் வர வேண்டிய வண்டி ஏழு வாரம் கழித்து வந்தது. முதல் பாகம் வரவில்லை. ஆனால் இரண்டாம் பாகத்துக்குத் தாமதக் கட்டணம் கேட்டார்கள்! “வண்டி வராததுக்கு நானா தம்பி அபராதம் கட்டணும்?” என்று அத்தை கேட்டார். “ரெஜிஸ்டர்ல தேதி தாண்டிடுச்சுங்க பாட்டி” என்றார் அந்தப் பையன், பாவம். அப்புறம் வண்டி வருவதே நின்றுபோனது. “யாரும் வருவதில்லை” என்று எழுதி முடித்துவிட்டதாகக் கேள்வி.

1948-லேயே நூலகச் சட்டம் போட்ட மாநிலம் இது. வீட்டு வரி நூறு ரூபாய் என்றால் நூலக வரி பத்து ரூபாய். எங்கள் ரசீதிலும் அந்த வரி தவறாமல் இருக்கிறது. இப்போது நூலக நண்பர்கள் திட்டத்தில் தன்னார்வலர்கள் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோவதாகப் படிக்கிறேன். நல்ல விஷயம். ஆனாலும் தூரத்து ஊர்களுக்கு வண்டி வேண்டும். குளிர்சாதனமோ கணினியோ நாங்கள் கேட்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குப் பால் சொசைட்டி வாசலில் வந்து நிற்கட்டும். கேனும் கையுமாக ஊரே அங்கேதான் நிற்கும். அடுத்த தடவை வரும் தேதியைச் சுவரில் சாக்பீஸால் எழுதிவிட்டுப் போகட்டும். யார் என்ன புத்தகம் கேட்டார்கள் என்று குறித்துக்கொள்ள ஒரு நாற்பது பக்க நோட்டு போதும்.

ரோடு சரியில்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். அதே ரோட்டில்தான் பால் வண்டி தினம் இரண்டு வேளை வந்து போகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி வட்டம்.