விளிம்பில் நின்ற நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் கல்லூரியில் சேர்ந்த செய்தியும், அம்மா ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கிய செய்தியும் மனத்தை நிறைத்தன. எனக்கும் நல்ல காலம்தான். தோள்பட்டை எலும்பு கூடிவிட்டது, கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிறது. மறுபடி மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறேன்.

கடைசியில் நீ எழுதியிருந்த நான்கு வரிகள்தான் என்னை உடனே பேனாவை எடுக்கவைத்தன. பாதை சட்டென்று செங்குத்தாகக் கீழே இறங்கும் அந்த இடுப்பளவு உயர டிராப்பை நோக்கி ஐந்து முறை போய், ஐந்து முறையும் விளிம்பில் நின்றுவிட்டாய், உன்மேலேயே உனக்கு வெறுப்பு வந்தது என்கிறாய். வெறுக்காதே, நின்றது நல்லது. என் தோள்பட்டை எப்படி உடைந்தது தெரியுமா? அன்று நான் நிற்கவும் இல்லை, துணிந்து போகவும் இல்லை. அரை மனத்தோடு விளிம்புவரை உருண்டு, கடைசி நொடியில் முன் பிரேக்கைத் தொட்டேன். முன் சக்கரம் கீழே சரிந்தது, நான் ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகுப்புற விழுந்தேன்.

படுத்திருந்த வாரங்களில் அதையே கணக்குப் போட்டுப் பார்த்தேன். நம் சைக்கிள்களில் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே ஏறக்குறைய 1.2 மீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் போனால், முன் சக்கரம் விளிம்பைத் தாண்டியபின் பின் சக்கரம் அங்கே வந்துசேர அரை நொடிக்கு மேல் ஆகிறது. அவ்வளவு நேரமும் முன்பக்கத்தைத் தாங்குவதற்கு அடியில் எதுவும் இல்லை. 20 கிலோமீட்டர் வேகத்தில் அது ஐந்தில் ஒரு நொடியாகக் குறைகிறது, சைக்கிள் கவிழ நேரமே இருப்பதில்லை. பயம் நம்மை மெதுவாகப் போகச் சொல்கிறது, விழ வைப்பதும் அந்த மெதுவான போக்குதான். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு மிதிக்காதே. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து தரையைத் தொட 0.45 நொடி ஆகும். மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள் இரண்டு மீட்டருக்கும் சற்றுக் கூடுதலாக முன்னால் போயிருப்பாய். நீ இறங்கும் சரிவு அந்த இடத்தில் இருக்கிறதா என்று முதலில் பார்.

“பின்னால் நன்றாகச் சாய்ந்துகொள்” என்று உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதை மறந்துவிடு. முன்கூட்டியே பின்னால் தொங்கினால் கைகள் முழுதாக நீண்டு விறைத்துவிடும். பிறகு முன் சக்கரம் இறங்கும்போது கொடுப்பதற்குக் கையில் நீளம் மிச்சமிருக்காது, உடம்பு முன்னால் இழுபடும். பெடல்கள் மட்டமாக, குதிகால் தாழ்ந்து, முழங்கை மடங்கி, எடை முழுவதும் பாதத்தில் இருக்கட்டும். முன் சக்கரம் விளிம்பைத் தொடும் கணத்தில் ஹேண்டில்பாரை முன்னோக்கித் தள்ளு. மேலே இழுக்காதே, தள்ளு. இடுப்பு தானாகவே பின்னால் போகும். கண் இறங்கும் இடத்தைத் தாண்டிப் பார்க்கட்டும்.

இந்தத் தள்ளலை நான் பழகியது நடைபாதை ஓரத்தில், 15 சென்டிமீட்டர் படியில். இரண்டு வாரம் வேறெதுவும் செய்யவில்லை. கைபேசியில் படம் பிடித்துப் பார்த்தபோது, நான் ஒவ்வொரு முறையும் விளிம்புக்கு ஒரு மீட்டர் முன்பே பின்னால் போய்விடுவது தெரிந்தது. உடம்பு விழுந்ததை மறக்கவில்லை. அது திருந்தியபின்தான் முழங்கால் உயரத்துக்குப் போனேன். ஒவ்வொரு உயரத்திலும் சலிப்புத் தட்டும்வரை இருந்தேன். நெஞ்சு படபடக்கும்போது அடுத்த உயரத்துக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். களைத்த மாலைகளில் “இன்னும் ஒரே ஒரு முறை” என்பதையும் விட்டுவிட்டேன்.

சீட்டை முழுதாக இறக்கிவிடு. முழங்கால் கவசமும் முகத்தை மூடும் ஹெல்மெட்டும் போட்டுக்கொள். அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் அமுங்கியபின் உன்னைத் தூக்கி எறிவதுபோல் திரும்பினால், அது திரும்பும் வேகத்தைக் குறைத்து வை.

அந்த டிராப்பை முதலில் நடந்து பார். மேலிருந்து மட்டும் பார்க்காதே, கீழே இறங்கி நின்று அண்ணாந்து பார். மேலே சைக்கிளில் நிற்கும்போது உன் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் இருக்கிறது, அந்த உயரத்தையும் மனம் பள்ளத்தோடு சேர்த்துக்கொள்கிறது. பிறகு விளிம்புக்குப் பத்து மீட்டர் முன்னால் ஒரு கல்லை வை. போவதா வேண்டாமா என்ற முடிவு அந்தக் கல்லுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். கல்லுக்கு முன் ஒதுங்குவதில் எந்தக் குறையும் இல்லை. கல்லைத் தாண்டிவிட்டால் பிரேக்கைத் தொடாதே.

போன வாரம் என்னை வீழ்த்திய அதே டிராப்பில் இறங்கினேன். இரண்டு சக்கரமும் சேர்ந்து சரிவைத் தொட்ட அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. கீழே நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன், கண் கலங்கிவிட்டது.

அடுத்த மாதம் உன்னிடம் வருகிறேன். நான் முன்னால் போகிறேன், நீ இடைவெளி விட்டு என் வேகத்தைப் பிடித்துக்கொண்டு வா. அதுவரை படியில் பழகு. அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் பழைய தோழன்