ஊட்டியில் பிறந்த சபையில் சேர நினைக்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

சென்னை ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியில் படித்ததால், அதை நடத்தும் எஃப்.எம்.எம். (மரியின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள்) சபையில் சேர ஆசை என்கிறாய். மகிழ்ச்சி. ஆனால் கல்லூரியை மட்டும் பார்த்து முடிவெடுக்காதே. பணிகள் காலத்துக்கேற்ப மாறும்.

சபையை நிறுவிய பாடுகளின் மரி அன்னை 1865-இல் பரிகார மரி என்ற வேறொரு சபையின் சகோதரியாக மதுரை மிஷனுக்கு வந்த பிரெஞ்சுக்காரர். இரண்டே ஆண்டில் இப்பகுதியில் அந்தச் சபைக்கே தலைவி. பிறகு மிஷனில் எழுந்த பிணக்கு தீரவே இல்லை. 1876-இல் இருபது சகோதரிகள் அந்தச் சபையிலிருந்து விலகி ஊட்டி மடத்தில் கூடினார்கள். பழைய சபை போயிற்று, புதியது இன்னும் பிறக்கவில்லை. அன்னை ரோமுக்குப் போய் 1877 ஜனவரி 6 அன்று திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதரிடம் புதிய சபைக்கு அனுமதி பெற்றார். அசிசியின் புனித பிரான்சிஸைப் பின்பற்றும் பிரான்சிஸ்கன் குடும்பத்தில் அன்னை இணைந்தது 1882-இல். விழா மலர்கள் ஒரு வரியில் தாண்டிவிடும் 1876-இன் அந்தப் பிரிவை நீ நிதானமாகப் படி. எங்கே அனுப்பினாலும் போகும் துணிவு அங்கேதான் வேர்விட்டது.

சீனாவின் தையுவானில் 1900-இல் இந்தச் சபையின் ஏழு சகோதரிகள் கொல்லப்பட்டார்கள், 2000-இல் புனிதர்களானார்கள். ராவல்பிண்டி மகளிர் மருத்துவமனையில் செவிலியராக இருந்த சகோதரிகளால் திருச்சபைத் தடையால் பிரசவம் பார்க்க முடியவில்லை. துறவியருக்கு அந்தத் தடை 1936-இல்தான் நீங்கியது. உன் கல்லூரியோ 1947 ஆகஸ்ட் 15 அன்று சாந்தோமில் 32 மாணவியருடன் தொடங்கியது. இத்தனை பணிகளுக்கும் நடுவில் மாறாதது அன்றாட நற்கருணை ஆராதனை. அது உனக்குப் பிடிக்கிறதா என்று முதலில் பார்.

இனி நடைமுறை. துறவுக்குப் பயிற்சி தரும் நவதுறவகத்தில் நுழைய 17 வயது நிறைந்திருக்க வேண்டும். அங்கே குறைந்தது 12 மாதம். தொடர்ந்தோ விட்டுவிட்டோ மூன்று மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் நவதுறவே செல்லாது. 15 நாளைத் தாண்டினால் அத்தனை நாளையும் ஈடுகட்ட வேண்டும். அண்ணன் கல்யாணம், பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்து அழைப்பு வரும்போதுதான் சிக்கல். இதை இப்போதே அம்மாவிடம் சொல்லிவிடு.

துறவு உறுதிமொழியான வார்த்தைப்பாட்டை முதல்முறை எடுப்பதற்கு முன் உன் சொத்தின் நிர்வாகத்தை வேறொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். வாழ்நாள் முழுமைக்குமான நித்திய வார்த்தைப்பாட்டுக்கு முன் நாட்டுச் சட்டப்படி செல்லும் உயில் எழுத வேண்டும், வாய்ச்சொல் போதாது. இரண்டுக்கும் இடையே குறைந்தது மூன்று ஆண்டு இருப்பதால் அவசரம் வேண்டாம்.

திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றிதழ்களையும் மணமாகாதவர் என்ற சான்றையும் பங்குத்தந்தையிடம் கேள். திருமுழுக்குப் பெயரும் பள்ளிச் சான்றிதழ்ப் பெயரும் வேறாக இருந்தால், இருவரும் ஒருவரே என்று அவரிடமே எழுதி வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் அக்காமார்