தாமானைக் கட்டிவைக்காதே

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் தம்பியும் நலம்தானே. போனில் சொன்னால் "சரி சரி, அம்மாகிட்ட பேசு" என்று கைமாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆபீஸில் ஒரு வாரம் லீவு கிடைத்தது. என்ன செய்தேன் என்று கேட்டால் சிரிப்பீர்கள். காசு கொடுத்துப் பாய் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பள்ளிக்கூடம் படிக்கும்போது கரையில் சும்மா நின்ற வள்ளத்தில் ஏறி உட்கார்ந்ததற்கே காதைத் திருகி, "இந்தத் தொழில் என்னோட போகட்டும், நீ புத்தகத்தை எடு" என்று விரட்டினீர்களே, அதே வேலையை இங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு விளையாட்டாகச் சொல்லித் தருகிறார்கள். நான்தான் வரிசையில் முதல் ஆள்.

இடத்தின் பெயர் கிப்ஸ்லாந்து ஏரிகள். மெல்பனிலிருந்து கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர். வெலிங்டன், விக்டோரியா, கிங் என்று மூன்று பெரிய ஏரிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிடக்கின்றன, ஆறுகள் வந்து விழுகின்றன, கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் நீளமாக ஒரு மணல்திட்டு. முன்பெல்லாம் மணல் வந்து முகத்துவாரத்தை மூடுமாம், வெள்ளம் வந்தால் அதுவாகவே உடைத்துக்கொண்டு போகுமாம். 1889-ல் கப்பல் வரப்போக நிரந்தரமாக ஒரு வாய் வெட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து ஏரியில் உப்பு ஏறிக்கொண்டே வருகிறது, வெட்டிய வாயும் சும்மா திறந்தே இருப்பதில்லை, மணலை வாரிக்கொண்டே இருக்கிறார்கள். மணலோடு மல்லுக்கட்டினால் யார் ஜெயிப்பது என்று உங்களுக்குத் தெரியும்.

நாங்கள் தங்கியது பெயின்ஸ்வில் என்ற சின்ன ஊர். எதிரே ரேமண்ட் தீவு. நடுவில் இருக்கும் கால்வாய் அகலம் ரொம்பக் குறைவு, அதைக் கடக்கச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே போய்வரும் ஒரு பெரிய மிதவை இருக்கிறது, காரே ஏறும், நடந்து போகிறவர்களுக்குக் காசு கிடையாது. தீவில் மரத்துக்கு மரம் கோலா என்ற, குட்டிக் கரடி மாதிரி இருக்கும் விலங்கு தூங்குகிறது. 1953-ல் கொண்டுவந்து விட்டார்களாம். அதைப் பற்றிச் சொல்ல வேறு ஒன்றுமில்லை, தூங்குகிறது, அவ்வளவுதான்.

படகு நம் வள்ளம் மாதிரி இல்லை. இரண்டு பேர் உட்காரலாம், மூன்றாவது ஆள் ஏறினால் கொஞ்சம் யோசிக்கும். இந்த மாதிரிச் சின்னப் பாய்ப்படகில் ஓடும்போதெல்லாம் மிதவைச் சட்டை போட்டே ஆகவேண்டும், இங்கே அது சட்டம். உங்கள் பாயில் அதைத் தாங்கும் பருமல் கட்டை மேலே சாய்வாக நிற்குமே, இதில் கட்டை கீழே, உட்கார்ந்திருக்கும் ஆளின் தலை உயரத்தில் கிடையாகக் கிடக்கும். முதல் நாளே என் மண்டையில் இரண்டு தடவை வைத்தது. அடியில் நடுவே ஒரு பலகையைச் செருகி இறக்குகிறோம், அது இல்லையென்றால் படகு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் போகும்.

சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். முதல் பாடமே கண்ணை மூடு என்பதுதான். கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு காதிலும் காற்றின் சத்தம் ஒரே அளவாகக் கேட்கும்வரை முகத்தைத் திருப்பு, அப்போது மூக்கு எங்கே காட்டுகிறதோ அங்கிருந்துதான் காற்று வருகிறது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. விடியற்காலையில் வாசலில் நின்று தலையை இப்படியும் அப்படியும் அசைத்துவிட்டு "இன்னிக்கு வேண்டாம்" என்று உள்ளே வருவீர்கள். கழுத்து வலியாக்கும் என்றே நினைத்திருக்கிறேன், இத்தனை வருஷம்.

இன்னொன்று, நீங்கள் சொல்லும் காற்றுப் பெயர்களை எல்லாம் இங்கே குணம் மாற்றிப் படிக்க வேண்டும். வாடை அடித்தால் குளிரும் என்றுதானே கேட்டு வளர்ந்தேன், இங்கே வடக்கிலிருந்து வருவது நாட்டின் நடுவில் இருக்கும் வறண்ட நிலத்தைத் தாண்டி வரும் அனல். தெற்கிலிருந்து வரும் சோழகம்தான் குளிரைக் கொண்டுவரும். காலையில் வாடை சுட்டுக்கொண்டிருக்கும், திடீரென்று தென்மேற்கு திரும்பினால் ஒரு மணி நேரத்தில் ஸ்வெட்டர் தேட வேண்டியிருக்கும். உச்சி வெயிலில் சூரியன் நிற்பதும் வடக்குப் பக்கம். கொண்டல் மட்டும் மாறாமல் இருக்கிறது, மதியத்துக்கு மேல் கரை சூடேறியதும் கிழக்கிலிருந்து மெதுவாக எழும், அதை நம்பித்தான் எங்கள் பொழுது ஓடியது.

முதல் இரண்டு நாளும் அந்த அம்மா கூடவே வந்தார். அவர் ஓயாமல் சொன்னது ஒன்றே ஒன்று: பாயைப் பிடித்திருக்கும் கயிற்றைக் கட்டாதே, கையிலேயே வைத்திரு. நீங்கள் மாமாவைத் திட்டுவீர்களே, "தாமானைக் கட்டிவைக்காதேடா" என்று. அப்படிச் சொல்லுக்குச் சொல் அதே பேச்சு, ஆங்கிலத்தில்.

அடுத்த பத்தியை அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டாம்.

நான்காம் நாள் நானும் ஆபீஸ் நண்பரும் மட்டும் போனோம். மிட்செல் ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், கிங் ஏரிக்குள் இரண்டு ஒல்லியான கரைகளாகக் கிலோமீட்டர் கணக்கில் நீண்டு கிடக்கிறது, அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம் என்று ஆசை. கை வலித்தது. தண்ணீர் குடிக்கும் நேரம்தானே என்று கயிற்றை அதன் பிடியில் மாட்டிவிட்டேன். பாட்டில் மூடியைக்கூடத் திறக்கவில்லை, தண்ணீர்மேல் கருப்பாக ஒரு சுருக்கம் எங்களை நோக்கி ஓடிவந்தது, அது என்னவென்று எனக்கு விளங்குவதற்குள் பாய் தண்ணீரைத் தொட்டுவிட்டது. கயிறு கையில் இருந்திருந்தால் விட்டிருக்கலாம், பாய் படபடத்துவிட்டுப் படகு நிமிர்ந்திருக்கும். தண்ணீர் அப்படியொன்றும் ஆழமில்லை, ஆனால் சில்லிட்டது, வாயெல்லாம் பாதி உப்பு. நடுப்பலகையின் மேல் ஏறி நின்று, கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்தால் நிமிரும் என்று கரையில் பழகியிருந்தோம். அங்கே இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாவது தடவை மெதுவாக எழுந்தது, பாய்மரத்தின் நுனியில் ஒரு கைப்பிடி கருஞ்சேறு ஒட்டியிருந்தது, கரைக்கு வரும்வரை அது சொட்டுச் சொட்டாக என் சட்டையிலேயே விழுந்துகொண்டிருந்தது. அந்த அம்மா கரையில் நின்று சேற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் அதற்கு நேர்மாறு. காற்றே இல்லை. ஏரி கண்ணாடியாகக் கிடந்தது, பாய் காயப்போட்ட வேட்டி மாதிரி தொங்கியது, இரண்டு மணி நேரம் இருந்த இடத்திலேயே இருந்தோம். துடுப்பு இருந்தது, எடுக்கத் தோன்றவில்லை. இங்கே வந்த நாளிலிருந்து ரயிலைப் பிடி, பஸ்ஸைப் பிடி என்று ஓடியதுதான், என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்ற நிலையில் இவ்வளவு நிம்மதியாக நான் உட்கார்ந்ததே இல்லை. கருப்பு அன்னங்கள் கூட்டமாகப் போயின. நிஜமாகவே கருப்பு, அலகு மட்டும் சிவப்பு, போட்டோ அனுப்புகிறேன். ஓங்கில் இரண்டு, டால்பின் என்கிறார்களே அதுதான், தூரத்தில் முதுகைக் காட்டின. இந்த ஏரியில் இருக்கும் ஓங்கிலைத் தனி இனம் என்று 2011-ல்தான் ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

கூழைக்கடாவும் நிறைய. இந்த மண்ணுக்கு உரிய குனைகுர்னாய் மக்கள் சொல்லும் ஆதிக்கதையில், போருன் என்ற கூழைக்கடா மலையிலிருந்து தலையில் ஓடத்தைச் சுமந்துகொண்டு தனியாக நடந்து வருகிறது, வழியெல்லாம் தட்டுகிற சத்தம் கேட்கிறது, எங்கிருந்து என்று தெரியவில்லை. தண்ணீருக்கு வந்து ஓடத்தை இறக்கிப் பார்த்தால் உள்ளே துக் என்ற ஒரு பெண் வாத்து உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டு பேரின் பிள்ளைகள்தான் அந்த மக்களாம். எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது.

கடைசி நாள் சாயங்காலம் படகைக் கழுவிக்கொண்டிருந்தபோது, என் அப்பாவும் பாய் ஓட்டியவர்தான், மோட்டார் வந்த பிறகு விட்டுவிட்டார் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். வாளியைக் கீழே வைத்துவிட்டார். என்ன பாய், முக்கோணமா, கட்டை எங்கே வரும், காற்றுக்குப் பக்கம் மாற்றும்போது பருமலைப் பாய்மரத்தின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு எப்படிக் கொண்டுபோவார்கள், எத்தனை ஆள் வேண்டும் என்று கேள்விமேல் கேள்வி. எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. கரையிலிருந்து பார்த்ததுதான், அதுவும் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு.

அதனால் ஒரு வேலை செய்யுங்கள். பருமலை மாற்றுவதை ஒரு தாளில் படமாகப் போட்டு, யார் முன்பக்கம் அணியத்தில் நிற்பது, யார் தாமானைப் பிடிப்பது என்று எழுதித் தம்பியிடம் கொடுங்கள், அவன் போட்டோ எடுத்து அனுப்புவான். அவசரமில்லை. மே மாதம் மறுபடி போகிறேன், அதற்குள் வந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் பெரியவன்