கார்ல் ப்ரூவருக்கு, தம்பெரேயின் மூன்றாவது அணியைப் பற்றி

அன்புள்ள கார்ல் ப்ரூவர் அவர்களுக்கு,

2001இல் மறைந்துவிட்ட உங்களுக்கு இந்தக் கடிதம் வந்து சேராது. இருந்தாலும், பின்லாந்தின் ஐஸ் ஹாக்கி அணியான கோவேயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் உங்களோடு பேசாமல் முடியவில்லை.

கோவேயின் ஊரான தம்பெரே, இரண்டு பெரிய ஏரிகளுக்கு நடுவே, பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். அங்கே தப்பரா, இல்வெஸ் என்று இரண்டு பெரிய அணிகள். மூன்றாவது, 1929இல் தொடங்கிய விளையாட்டுச் சங்கமான கோவே. ஐஸ் ஹாக்கி அதன் பல விளையாட்டுகளில் ஒன்று. பின்லாந்தின் முதல் உள்ளரங்கப் பனித்திடலான ஹகமெட்சா, 1965 உலக சாம்பியன்ஷிப் போட்டிக்காக இதே ஊரில்தான் திறக்கப்பட்டது. மூன்றே ஆண்டுகளில், 1968இல், இரண்டு அண்ணன்மாரையும் தாண்டிக் கோவே நாட்டின் சாம்பியன் ஆனது. அதுவே அதன் ஒரே பட்டம்.

அடுத்த பருவத்தில் நீங்கள் பின்லாந்துக்கு வந்தீர்கள். கனடாவின் டொராண்டோ அணிக்காக, வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை மூன்று முறை வென்றவர். எதிராளியின் சட்டையை நடுவருக்குத் தெரியாமல் பிடிப்பதற்காகக் கையுறையின் உள்ளங்கைப் பகுதியை வெட்டி எறிந்தவர். (இதைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன்.) ஹெல்சின்கியின் எச்.ஐ.எஃப்.கே. அணிக்கு ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் இருந்து, 1969இல் அதற்கு முதல் பட்டத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு, டெட்ராய்ட்டுக்குப் போய்விட்டீர்கள். எதிராளியைத் திடல் முழுவதும் உடலால் மோதித் தடுக்கலாம் என்று சர்வதேச விதி மாறியதும் அதே ஆண்டில்தான். உள்ளூர்ப் பையன்களின் திறமை மட்டும் போதாது, பணமும் முரட்டு பலமும் வேண்டும் என்ற காலம் தொடங்கிவிட்டது.

கோவேயின் சரிவுக்கு நீங்கள் காரணம் என்று சொல்ல மாட்டேன். 1975இல் புதிய லீக் தொடங்கியபோது அதில் கோவேயும் இருந்தது. பிறகுதான் கீழே இறங்கியது. ஒரே ஊரில் மூன்று அணிகளுக்கு விளம்பரதாரர்களையும் ரசிகர்களையும் எங்கே தேடுவது? 2021இல் ரயில் தண்டவாளங்களுக்கு மேலே கட்டிய பிரம்மாண்ட அரங்கத்துக்குத் தப்பராவும் இல்வெஸும் குடிபெயர்ந்தன. அடுத்த மூன்று ஆண்டுகளும் தப்பராவே சாம்பியன். அந்த ஆண்டுகளில் கோவே ஆடியது இரண்டாம் நிலை லீக்கான மெஸ்டிஸில். அந்த லீக்கில் ஆடும் பலருக்குப் பகலில் வேலை அல்லது படிப்பு உண்டு. ஹாக்கி வருமானத்தை மட்டும் நம்பி வாழ முடியாது.

இப்படிப் போதிய வருமானம் இல்லாமல் ஆடுவதை விளையாட்டின் மீதான தூய்மையான அன்பு என்று கொண்டாடும் ரசிகர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. உங்களுக்கும் வந்திருக்கும். ஓய்வுபெற்ற வீரர்களின் ஓய்வூதியப் பணத்துக்காக 1990களில் என்.எச்.எல். லீக்கை நீதிமன்றத்துக்கு இழுத்தவர் நீங்கள். அந்த லீக்கின் வீரர் சங்கத்தின் நிர்வாக இயக்குநராக இருந்த, ஒரு காலத்தில் உங்களுக்கு நெருக்கமாக இருந்த ஆலன் ஈகிள்சனையே விடாமல் துரத்தினீர்கள். 1998இல் அவர் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார். விளையாட்டும் உழைப்புத்தான், உழைத்தவனுக்குக் கூலி உண்டு என்பதில் உங்களுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

1968இன் அந்த வெற்றி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதைக் காட்டி இன்றைய பையன்களைச் சும்மா ஆடச் சொல்வது நியாயமில்லை. கோவே வீரன் ஒருவன் உங்களைச் சந்தித்திருந்தால், காயம்பட்டால் யார் பணம் தருவார்கள் என்று அவனுடைய ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்பதைத்தான் முதலில் கேட்டிருப்பீர்கள்.

அன்புடன்,
ஓர் ஐஸ் ஹாக்கி ரசிகன்