படிவத்தில் உன் கையெழுத்து

ரோஸ் ஹில், மொரீஷியஸ்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். எல்லோரும் சௌக்கியம். போனில் பிடித்தால் வார்டில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்கிறாய். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் கடிதம். தமிழிலேயே எழுதுகிறேன். நான் சொல்லிக்கொடுத்த எழுத்து உனக்கு மறந்திருக்காது. ராத்திரி வேலை முடிந்து வந்து சாப்பிடாமல் படுக்காதே.

தைப்பூசம் முடிந்தது. உன் தம்பி காவடி எடுத்தான். கோயிலில் பார்த்தவர்களிடமெல்லாம் உன் அம்மா நீ இங்கிலாந்தில் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

விஷயம் இதுதான். உன் பாப்பாவை ஏதாவது ஒரு வகுப்பில் சேர்க்க வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு சோபாவில் சுருண்டுவிடுகிறாள். முன்பு போலப் பேச்சில்லை. மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பரதம் பழகட்டும் என்கிறாள் உன் அம்மா. நீ அங்கே பாதியில் விட்ட வீணையை அவள் இன்னும் மறக்கவில்லை. உன் தம்பி பாட்மிண்டன் என்கிறான். வெள்ளி மாலை ஒன்று, சனிக்கிழமை ஒன்று என்று இரண்டிலும் போடலாமாம். நான் கூடாது என்றேன். இத்தனை வருஷம் பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தெரியாதா? நாலு இடத்தில் சேர்த்த பிள்ளை நாலு இடத்திலும் கொட்டாவி விடும். ஒன்று போதும். ஒரே பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்க வேண்டும். முதல் வகுப்பைச் சும்மா உட்கார்ந்து பார்க்க விடாத இடம் நமக்கு வேண்டாம். சொல்லிக்கொடுப்பவர் ஓரத்தில் நிற்கிற பிள்ளையைக் கவனிக்கிறாரா என்று பார்க்க வேண்டும். மற்றபடி பரிசு, கோப்பை எல்லாம் நான் பார்ப்பதில்லை.

கடைசியில் அவளையே கேட்டேன். நீச்சல் என்றாள். நாட்டியம் ஏன் வேண்டாம் என்றதற்கு, "மேடை ஏற வருஷக்கணக்காகுமே தாத்தா, அதற்குள் நான் அம்மாவிடம் போய்விடுவேனே" என்று கிரியோலில் சொன்னாள். நீச்சல் அங்கேயும் உண்டாம். தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் 25 மீட்டர் நீந்தத் தெரிய வேண்டும் என்று இங்கிலாந்தின் பாடத்திட்டத்திலேயே இருக்கிறதாம். நான் சொல்லவில்லை, அவளே தேடிப் படித்து வைத்திருக்கிறாள். உன் மகள்தானே.

அதற்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் போ பாசேன் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நான் பென்ஷன்காரன், அவள் மாணவி. இரண்டு பேருக்கும் பஸ்ஸில் காசில்லை. தண்ணீரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். தலை ஈரமாகிச் சளி பிடிக்கும் என்று உன் அம்மா ஒரு பக்கம் புலம்பல். நம் வீட்டில் நீந்தத் தெரிந்தவர் யார் சொல்? ஞாயிற்றுக்கிழமை ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் ஃபிலாவோ மரத்தடியில் பாய் விரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கணுக்கால் நனைத்துவிட்டு வருவோம். பவளப்பாறைக்கு உள்ளே அலை கிடையாது, பயமில்லை என்று சொல்லியே யாரும் கற்றுக்கொள்ளவில்லை. தெற்கே கிரி கிரியில் அந்தப் பாறைத் தடுப்பும் கிடையாது. தீவில் பிறந்த பிள்ளைக்கு நீச்சல் நல்லதுதான். நான் அவள் பக்கம்.

ஆனால் படிவம் கொடுத்தார்கள். எத்தனை மாதத்துக்கு என்று ஒரு கட்டம். கீழே தாய் அல்லது தந்தை கையெழுத்து. பாதுகாவலர் என்று நீங்களே போடலாம் என்றாள் அங்கிருந்த பெண். நான் போடவில்லை. மாதக் கட்டத்தையும் காலியாக விட்டுவிட்டேன்.

லெசோன், அதுதான் டியூஷன், அதுவும் இதே கதைதான். இப்போது ஐந்தாம் வகுப்பு. வருஷக் கடைசியில் அறிவியலும் வரலாறு புவியியலும் எழுதுவாள். அடுத்த வருஷம் தொடக்கப் பள்ளி முடிக்கிற பிஎஸ்ஏசி பரீட்சை. அதை இங்கே எழுதுவாளானால் நல்ல டீச்சரிடம் இப்போதே இடம் சொல்லி வைக்க வேண்டும். சனிக்கிழமை காலை லெசோன் என்றால் நீச்சலைப் புதன்கிழமைக்கு மாற்றிக் கேட்க வேண்டும். எழுதமாட்டாள் என்றால் இதெல்லாம் எதற்கு? தமிழையும் விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறாள், நன்றாகத்தான் எழுதுகிறாள். அங்கே அது எதற்கு உதவுமோ.

நான் எதையும் கேட்கவில்லை. அவளை நீ அங்கே கூப்பிட்டுக்கொள்ளப் பேப்பர் வர நாளாகும், தெரியும். நீ வீடு மாறியதைத் தம்பி சொன்னான். எங்களிடம் நீ சொல்லவில்லை, பரவாயில்லை. ஒரே அறை என்றான். வாடகை அப்படி இருக்கும்போது வேறு என்ன செய்வாய்? நீ தனியாகச் சமாளிப்பது எனக்குப் பெருமைதான். ஆனால் ஒரே அறையா? சரி, விடு. அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன்.

குளிரில் காதை மூடிக்கொள். சாப்பிடாமல் படுக்காதே. அவளைச் செவ்வாய்க்கிழமை கூப்பிடுவதாகச் சொன்னாயாமே, ஏழு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்தாள்.

படிவத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன். மாதக் கட்டத்தை நீயே நிரப்பு. கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு, சனிக்கிழமை சேர்க்கை. பதிலுக்குக் கட்டைவிரல் படம் போடாதே. எழுது.

அப்பா